கர்ப்ப கால சர்க்கரை: சாப்பாட்டுக் கட்டுப்பாடு போதுமா, மாத்திரையா, இன்சுலினா?

24-ஆம் வாரம். குளுக்கோஸ் தண்ணீர் குடித்து 2 மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் 156 என்று வந்திருக்கிறது. "சுகர் இருக்கும்மா, ரெண்டு வாரம் வாயைக் கட்டிப் பாருங்க, குறையலன்னா மாத்திரை, இல்லன்னா ஊசி" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் இந்த மூன்றும் படிக்கட்டு போலத் தெரிய ஆரம்பிக்கிறது: சாப்பாட்டோடு நின்றால் லேசான நோய், மாத்திரை என்றால் நடுத்தரம், ஊசி என்றால் முற்றிவிட்டது. இந்தக் கணக்கு தவறு. இன்சுலின் போடும் பெண் வாயைக் கட்டாதவர் என்று யாராவது சொன்னால் அதையும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

மூன்றில் எது வேண்டும் என்பதை இரண்டு விஷயங்கள்தான் தீர்மானிக்கின்றன. ஏறியிருப்பது காலை வெறும் வயிற்று அளவா, சாப்பிட்ட பிறகான அளவா? பிரசவத்துக்கு இன்னும் எத்தனை வாரம் இருக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் முடிவு பெரும்பாலும் தானே அமைந்துவிடும்.

கர்ப்பத்தின் பாதியைத் தாண்டியதும் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. குழந்தைக்குச் சர்க்கரை தட்டாமல் கிடைக்க உடல் செய்யும் ஏற்பாடு அது. அதை ஈடுகட்டத் தாயின் கணையம் கூடுதலாகச் சுரக்க வேண்டும். முடியாதபோது ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. ஏறிய சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. குழந்தையின் கணையமே இன்சுலினைக் கொட்டுகிறது, அதனால் வயிறும் தோளும் பருக்கின்றன. பிரசவத்தில் தோள் சிக்குவது, பிறந்தவுடன் குழந்தைக்குச் சர்க்கரை சரிவது, பனிக்குட நீர் கூடுவது எல்லாம் இதன் தொடர்ச்சி.

156 எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

தமிழ்நாட்டில் 2007 முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைச் சோதனை செய்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடப்பது டிப்ஸி (இந்தியக் கர்ப்ப கால நீரிழிவு ஆய்வுக் குழு) முறை; சென்னை மருத்துவர் வி. சேஷய்யா முன்னின்று கொண்டுவந்தது. முதல் முறை பதிவுக்குப் போகும்போது ஒரு தடவை, அதில் சரியாக இருந்தால் 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு தடவை. சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை. 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்து 5 முதல் 10 நிமிடத்துக்குள் குடித்துவிட்டு, 2 மணி நேரம் கழித்து ஒரே ஒரு தடவை ரத்தம். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்ப கால சர்க்கரை. (இந்தக் கட்டுரையில் வரும் எல்லாச் சர்க்கரை எண்களும் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு.) குடித்து 30 நிமிடத்துக்குள் வாந்தி வந்துவிட்டால் அந்தச் சோதனை செல்லாது, மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும்.

பல தனியார் மருத்துவமனைகளில் வேறு முறை. இரவு சாப்பிட்டு 8 மணி நேரம் கழித்து வெறும் வயிற்றில் ஒன்று, அதே 75 கிராம் குடித்து 1 மணி நேரத்தில் ஒன்று, 2 மணி நேரத்தில் ஒன்று என மூன்று தடவை ரத்தம். வரம்புகள் 92, 180, 153. இதில் ஏதாவது ஒன்று எட்டிவிட்டாலே சர்க்கரை என்று கணக்கு.

டிப்ஸியின் பலம் நடைமுறை. இரண்டு பஸ் மாறி வரும் பெண்ணைப் பட்டினியாக வரச் சொன்னால் பாதிப்பேர் வரவே மாட்டார்கள். அதன் பலவீனம், வெறும் வயிற்று அளவு மட்டும் ஏறியிருக்கும் பெண்கள் அதில் தப்பிவிடலாம் என்பது. ஆகவே அம்மா அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால், முந்தைய பிரசவத்தில் சர்க்கரை வந்திருந்தால், குழந்தை பெரிதாகப் பிறந்திருந்தால், பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி) இருந்தால், டிப்ஸியில் 130-க்குள் வந்தாலும் ஒரு வெறும் வயிற்றுச் சோதனையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது நல்லது. எதிர்ப்பக்கம், ஒரு முறையில் சர்க்கரை என்று வந்த பிறகு 'இல்லை' என்று சொல்லும் லேபைத் தேடி அலைவதில் பயனில்லை. இனிமேல் முடிவெடுக்கப் போவது வீட்டில் எடுக்கும் அளவுகள்.

கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. சோதனையை இதற்கு நம்ப வேண்டாம். கர்ப்பத்தில் சிவப்பணுக்கள் சீக்கிரம் மாறுவதால் அது இயல்பாகவே குறைத்துக் காட்டும். ரத்தசோகையும் இரும்புச்சத்து மாத்திரையும் அதை மேலும் குழப்பும். 5.4 என்று வந்ததைப் பார்த்து நிம்மதியடைந்து, சாப்பிட்ட பிறகு 170 ஓடுவதைக் கவனிக்காமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. அதன் உண்மையான உபயோகம் முதல் மூன்று மாதத்தில்: அப்போதே 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தால், அல்லது வெறும் வயிற்றில் 126-ஐ எட்டியிருந்தால், சர்க்கரை கர்ப்பத்துக்கு முன்பே இருந்திருக்கிறது என்று பொருள். அவர்களுக்கு 'இரண்டு வாரம் சாப்பாட்டில் பார்க்கலாம்' என்ற பேச்சே கிடையாது. உடனே இன்சுலின், கண் பரிசோதனை, 18-20 வாரத்தில் குழந்தையின் உறுப்புகளையும் இதயத்தையும் பார்க்கும் ஸ்கேன் என்று வேறு பாதை.

ஒரு வார நோட்டு

எந்த வழி என்று முடிவெடுக்கும் முன் ஒரு வாரம் தினமும் 4 தடவை வீட்டு மீட்டரில் பார்த்து நோட்டில் எழுத வேண்டும்: காலை வெறும் வயிற்றில், பிறகு மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் பின். வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்டு 1 மணி நேரத்தில் 140-க்குள், 2 மணி நேரத்தில் 120-க்குள் இருக்க வேண்டும். 1 மணி, 2 மணி இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதையே தொடருங்கள். நேரம் கணக்கிடுவது முதல் வாய் வைத்ததிலிருந்து. சாப்பிட்டுக் கை கழுவியதிலிருந்து எண்ணினால் 2 மணி நேரச் சோதனை இரண்டரை மணி நேரச் சோதனையாகி, அளவு குறைவாகக் காட்டும்.

விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள், நடுவில் குத்தினால் வலி அதிகம். அதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைக்க வேண்டும். மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால் 110 இருக்க வேண்டிய இடத்தில் 200 காட்டும், வீடே பதறும். ஈரக் கையோடு குத்தினால் சொட்டு நீர்த்துக் குறைவாகக் காட்டும். வீட்டு மீட்டரில் 15 சதவீதம் வரை முன்னே பின்னே இருக்கலாம். ஆகவே ஒரு நாள் 123 வந்ததற்காகக் கவலைப்பட வேண்டாம், ஒரே வேளையில் திரும்பத் திரும்ப 130 வருகிறதா என்று பாருங்கள்.

வெறும் வயிற்றுச் சோதனையில் நடக்கும் பிழை வேறு. இரவு 7 மணிக்குச் சாப்பிட்டு, காலையில் எல்லா வேலையும் முடித்து 9 மணிக்குப் பார்த்தால் அது 14 மணி நேரப் பட்டினி. கர்ப்பிணிக்கு அது கூடவே கூடாது. எழுந்தவுடன் 6, 6.30-க்குப் பார்த்துவிட வேண்டும். காபிக்கு முன்பு.

செலவையும் சொல்ல வேண்டும். ஒரு ஸ்ட்ரிப் 20 ரூபாய் என்று வைத்தாலும் தினமும் 4 என்றால் மாதம் 2,400 ரூபாய். முடியாதவர்கள் முதல் வாரம் மட்டும் முழுதாகப் பார்த்துவிட்டு, பிறகு வாரத்தில் 2 நாள் 4 தடவை என்று குறைக்கலாம். 15 நாளுக்கு ஒரு முறை லேபில் ஒரே ஒரு அளவு பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். லேப் போகும் நாளில் எல்லோரும் 2 இட்லியோடு நிறுத்திக்கொள்வார்கள் என்பது லேப்காரர்களுக்கே தெரியும்.

சாப்பாடு எங்கே வெல்லும்

கர்ப்ப கால சர்க்கரை வந்தவர்களில் 70 முதல் 85 சதவீதம் பேருக்குச் சாப்பாடும் நடையுமே போதும் என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்லும் கணக்கு. யாருக்கு? நோட்டில் வெறும் வயிறு 95-க்குள் இருந்து, சாப்பிட்டு 2 மணி நேரத்தில் மட்டும் 130, 145 என்று ஏறுபவர்களுக்கு. சாப்பிட்டது நேரடியாகத் தெரியும் அளவு அது, ஆகவே தட்டை மாற்றினால் மறுநாளே மாறும்.

குறைக்கிறேன் என்று பட்டினி கிடப்பதும் தவறு. கர்ப்பிணிக்கு நாளுக்குக் குறைந்தது 175 கிராம் மாவுச்சத்து வேண்டும். அதற்குக் கீழே போனால் உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்ற அமிலத்தை உண்டாக்கும், எடை இறங்கும், குழந்தைக்கும் நல்லதல்ல. சர்க்கரை அளவு அழகாக இருக்கிறது, ஆனால் இரண்டு வாரத்தில் எடை 1 கிலோ இறங்கியிருக்கிறது என்றால் அந்தக் கட்டுப்பாட்டை வெற்றி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. செய்ய வேண்டியது பிரித்துச் சாப்பிடுவது: காலையில் 30 கிராம், 11 மணிக்கு 20, மதியம் 45, மாலை 20, இரவு 45, படுக்கும் முன் 15.

காலைக்கு ஏன் குறைவு? விடியற்காலையில் சுரக்கும் ஹார்மோன்களால் அந்த நேரத்தில் இன்சுலின் எடுபடுவது மிகக் குறைவு. மதியம் ஒரு கப் சோறு சாப்பிட்டு 115 வருபவருக்கே காலையில் 4 இட்லிக்கு 160 வரும். ஓர் இட்லியில் ஏறக்குறைய 10 கிராம் மாவுச்சத்து. நான்கு இட்லி, சாம்பார், 2 ஸ்பூன் சர்க்கரை போட்ட காபி சேர்ந்தால் 60 கிராமைத் தாண்டிவிடும். அதையே 2 இட்லி, காய் நிறையப் போட்ட சாம்பார் ஒரு கிண்ணம், 2 அவித்த முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல், சர்க்கரை இல்லாத காபி என்று மாற்றிப் பாருங்கள். வயிறும் நிறையும், 120-க்குள்ளும் வரும். காபியையும் டிபனோடு சேர்க்காமல் 11 மணிக்குத் தள்ளினால் இன்னும் நல்லது; பாலிலும் சர்க்கரை உண்டு, 200 மில்லிக்கு 10 கிராம் கிட்ட.

மதியத்துக்கு வடித்த சோறு ஒரு கப், அதாவது 150 கிராம். அதற்கு இரண்டு மடங்கு காய், ஒரு கிண்ணம் பருப்பு, அல்லது மீன், கோழி. காயையும் பருப்பையும் முதலில் பாதி சாப்பிட்டுவிட்டுச் சோற்றைத் தொட்டால் ஏற்றம் குறையும். செலவில்லாத வழி, பலர் செய்து பார்ப்பதே இல்லை. சாப்பிட்டு 10 முதல் 15 நிமிடம் வாசலிலோ மாடியிலோ நடப்பது அதைவிடப் பலன் தரும். காலையில் 45 நிமிடம் நடந்துவிட்டு நாள் முழுவதும் உட்கார்வதைவிட மூன்று வேளையும் 15 நிமிடம் மேல். நஞ்சுக்கொடி இறங்கியிருப்பவர்களும் ரத்தக்கசிவு இருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் நடக்கக் கூடாது.

சிறுதானிய மோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கேழ்வரகிலும் மாவுச்சத்து அரிசிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கேழ்வரகு அடையாக, முருங்கைக்கீரை போட்டுச் சுட்டால் மெதுவாக ஏறும். அதையே நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சோற்றைவிட வேகமாக ஏறும். 'சுகருக்கு நல்லது' என்று காலையில் ஒரு சொம்பு ராகிக் கஞ்சி குடித்துவிட்டு 170 வந்ததும் மருந்தை ஏற்றச் சொல்லி வருபவர்கள் உண்டு. ஏற்றிய கஞ்சியை நிறுத்தினால் போதும். அங்கன்வாடியில் தரும் சத்துமாவிலும் வெல்லம் சேர்ந்திருக்கிறது. உருண்டை பிடித்துத் தினமும் சாப்பிடுவது கர்ப்ப கால சர்க்கரைக்கு ஒத்துவராது. ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வரும் பேரீச்சம்பழம் நாளுக்கு 2 போதும். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் மூன்றும் மீட்டருக்குச் சர்க்கரைதான். வளைகாப்பு அன்று ஐந்து வகைச் சாதத்தையும் ஒரு வாய் பார்க்கலாம், ஐந்தையும் ஒரு தட்டில் வாங்க வேண்டாம்.

சிறுகுறிஞ்சான் பொடி, நாவல்கொட்டைப் பொடி, சந்தையில் விற்கும் 'சுகர் கஷாயம்' இவற்றை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை. கர்ப்பத்தில் எவ்வளவு பாதுகாப்பு என்று யாரும் அளந்து சொல்லவில்லை. வெந்தயம் குழம்பில் போடும் அளவுக்குச் சரி.

சாப்பாடு எங்கே தோற்கும்

வெறும் வயிற்று அளவு 95-க்கு மேல் நிற்பவர்களுக்கு. அது இரவு முழுக்கக் கல்லீரல் உற்பத்தி செய்து அனுப்பும் சர்க்கரை; இரவுச் சாப்பாட்டுக்கும் அதற்கும் உறவு குறைவு. இரவு ஒரு சப்பாத்தி என்று குறைத்து, பிறகு அதையும் விட்டு, காலையில் 104 வந்ததும் அழுபவர்கள் இருக்கிறார்கள். பட்டினி போட்டால் கல்லீரல் இன்னும் அதிகமாகவே அனுப்பும். செய்யக்கூடியது ஒன்று உண்டு: படுக்கும் முன் ஒரு டம்ளர் சர்க்கரை போடாத பாலோடு ஒரு பிடி சுண்டலோ வேர்க்கடலையோ. சிலருக்கு அது சில புள்ளி இறக்கும். 97, 98-இல் நிற்பவருக்கு அது போதலாம். 108-இல் நிற்பவருக்குப் போதாது. அவர் ஒழுங்காகச் சாப்பிட்டும் மருந்து வேண்டியிருக்கிறது என்றால் அதில் அவர் தவறு எதுவும் இல்லை.

எவ்வளவு நாள் காத்திருப்பது? அரசு வழிகாட்டுதலில் 2 வாரம். அதற்குப் பிறகும் சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 120-க்கு மேல் இருந்தால் மருந்து. வாரத்தின் அளவுகளில் மூன்றில் ஒரு பங்கு வரம்பைத் தாண்டினால் பல மருத்துவர்கள் காத்திருப்பதில்லை. 32 வாரத்தில் கண்டுபிடித்தவருக்கு 2 வாரம் என்பதே நீளம். 1 வாரம் பார்த்தால் போதும். குழந்தை வேகமாக எடை போடும் காலம் அது. ஸ்கேனில் வயிற்றுச் சுற்றளவு தலையைவிட முந்திக்கொண்டு போனால் எண்கள் சுமாராக இருந்தாலும் மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

மாத்திரையா, ஊசியா

மாத்திரை என்றால் நடைமுறையில் மெட்ஃபார்மின். கிளிபென்கிளமைடு என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரையை ஒரு காலத்தில் கொடுத்தார்கள். பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை சரிவதும் எடை கூடுவதும் அதில் அதிகம் என்று தெரிந்ததால் முதல் தேர்வாக இப்போது யாரும் எடுப்பதில்லை.

மெட்ஃபார்மினின் சௌகரியம் வெளிப்படை. விலை குறைவு, ஃபிரிட்ஜ் வேண்டாம், தாழ்சர்க்கரை மயக்கம் அநேகமாக வராது, தாயின் எடை அதிகம் ஏறாது. இந்திய அரசு வழிகாட்டுதல்படி 20 வாரத்துக்குப் பிறகுதான் தொடங்க வேண்டும், அதற்கு முன் இன்சுலின். 500 மில்லிகிராமை இரவுச் சாப்பாட்டோடு தொடங்கி, சில நாள் கழித்து இரண்டு வேளை, பிறகு வாரம் வாரம் ஏற்றி அதிகபட்சம் நாளுக்கு 2,000. முதல் வாரத்தில் வயிற்றுப்போக்கும் குமட்டலும் வரும். சாப்பாட்டுக்கு நடுவில் போட்டால் பாதி குறையும். வெறும் வயிற்றில் போட்டுவிட்டு 'எனக்கு ஒத்துக்கவில்லை' என்று நிறுத்துவதுதான் அதிகம் நடக்கும் பிழை. பி.சி.ஓ.டி.க்காகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கருத்தரித்தவர்கள் தாமாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

இரண்டு குறைகள். ஒன்று, அது தனியாகப் போதாமல் போகலாம். 2008-இல் வெளியான ஆஸ்திரேலியா-நியூசிலாந்து ஆய்வில் மெட்ஃபார்மின் எடுத்தவர்களில் 46 சதவீதம் பேருக்குப் பிறகு இன்சுலினும் சேர்க்க வேண்டியிருந்தது. வெறும் வயிற்று அளவு கூடுதலாக இருப்பவர்களுக்கு இந்த வாய்ப்பு அதிகம். இரண்டு, அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகிறது. பிறவிக் குறை எதுவும் அதனால் வருவதாகத் தெரியவில்லை. ஆனால் சில தொடர் ஆய்வுகளில் அந்தக் குழந்தைகள் சில வயது கழிந்தபோது சற்று எடை கூடியிருந்தார்கள். இதை வைத்து அமெரிக்கச் சங்கம் இன்சுலினை முதலில் வைக்கிறது. மருத்துவ வழிகாட்டுதல் எழுதும் பிரிட்டனின் நைஸ் அமைப்போ சாப்பாடு போதாதபோது மெட்ஃபார்மினை முதலில் வைக்கிறது, வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் என்றால் நேரே இன்சுலின். இரு தரப்பும் பார்ப்பது ஒரே ஆய்வுகளைத்தான். எந்தப் பயத்துக்கு எவ்வளவு எடை கொடுக்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும், குழந்தை வளர்ச்சி குன்றியிருப்பவர்களுக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் மெட்ஃபார்மினைத் தவிர்ப்பது நல்லது என்பதே எங்கள் பார்வை.

இன்சுலின் குழந்தைக்குப் போவதில்லை, அளவை 2 யூனிட் 2 யூனிட்டாக நுணுக்கமாக மாற்றலாம், எவ்வளவு ஏறிய சர்க்கரையையும் இறக்கும். பிரசவமானதும் பெரும்பாலோருக்கு அன்றே நின்றுவிடும்; 'ஆரம்பித்தால் ஆயுசுக்கும்' என்பது வீண் பயம். அதன் விலை வேறு வகையில் கொடுக்க வேண்டும்: நேரம் தவறாமை, தாழ்சர்க்கரை, கை பழகுவது.

அரசு முறையில் 30/70 கலவை இன்சுலின், அதாவது 30 சதவீதம் வேகமாகவும் 70 சதவீதம் மெதுவாகவும் வேலை செய்வது. சாப்பிட்டு 2 மணி நேர அளவு 120-160 என்றால் 4 யூனிட், 160-200 என்றால் 6, 200-க்கு மேல் 8 என்று காலைச் சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன் தொடங்குகிறார்கள். பிறகு அளவைப் பார்த்து ஏற்றுகிறார்கள். இது தொடக்க அளவு மட்டுமே, உங்கள் அளவை எழுதித்தர வேண்டியவர் மருத்துவர். காலை ஒரு ஊசி வெறும் வயிற்று அளவைத் தொடாது. அதற்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன் இன்னொன்று வேண்டும், அல்லது படுக்கும் முன் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் தனியாக. வெறும் வயிறு மட்டும் ஏறியிருப்பவருக்கு அந்த ஒற்றை இரவு ஊசியே போதும், பகல் முழுக்க ஊசி வேண்டாம். இதைக் கேட்டுப் பெற நோட்டு கையில் இருக்க வேண்டும்.

சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

ஊசியில் நடக்கும் பெரிய விபத்து மருந்தால் வருவதில்லை, சிரிஞ்சால் வருகிறது. நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட்; பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் ஒரு மில்லிக்கு 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கானதற்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் குப்பியில் ஆரஞ்சு மூடி சிரிஞ்சால் 10 கோடு எடுத்தால் உள்ளே போவது 4 யூனிட்தான். 'எவ்வளவு போட்டும் குறையவில்லை' என்பதற்குப் பாதிக் காரணம் இதுவாக இருக்கும். பேனா வேலை செய்யவில்லை என்று அதன் கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சால் 10 கோடு எடுத்தால் 25 யூனிட் போய்விடும், அது ஆஸ்பத்திரியில் போய் முடியும். மருந்துக்கடையில் 'இன்சுலின் சிரிஞ்சு' என்று மட்டும் கேட்காமல் குப்பியைக் காட்டி வாங்குங்கள்.

கலவை இன்சுலினை உள்ளங்கைகளுக்கு நடுவே 10 தடவை உருட்டுங்கள், குலுக்க வேண்டாம். தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, வயிற்றின் பக்கவாட்டில் தோலை மடித்துப் பிடித்துப் போடலாம். குழந்தையை அந்த ஊசி எட்டவே எட்டாது. கடைசி மாதத்தில் வயிற்றுத் தோல் இறுகிவிட்டால் தொடை. ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தால் அங்கே கட்டி தட்டி மருந்து சரியாக இறங்காது. பேனா என்றால் ஒவ்வொரு முறையும் 2 யூனிட் வெளியே தள்ளிப் பார்த்துவிட்டு, போட்டபின் 10 எண்ணி எடுக்க வேண்டும். பிரித்த குப்பி 4 வாரம் வரை. ஃபிரிட்ஜின் கதவுப் பக்கத்தில் வைக்கலாம், ஃப்ரீசரில் உறைந்தது உபயோகமில்லை. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் குப்பியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஈர மணல் நிரப்பிய மண்பானையில் வைக்கலாம். மே மாத வெயிலில் அலமாரியில் வைத்த இன்சுலினை நம்ப முடியாது.

ஊசி போட்டு 30 நிமிடத்தில் சாப்பிட வேண்டும். காலைக் கலவை ஊசியின் மெதுவான பகுதி மதியத்தை ஒட்டி நன்றாக வேலை செய்யும். 11 மணிச் சிற்றுண்டியை விட்டுவிட்டு மதியம் 2 மணிக்குச் சாப்பிட்டால் நடுவில் வியர்வை, படபடப்பு, கை நடுக்கம் வரும். அளவு 70-க்குக் கீழே இருந்தால் 3 ஸ்பூன் குளுக்கோஸை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடித்து 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். சரியானதும் ஏதாவது சாப்பிடுங்கள், இல்லையென்றால் திரும்ப இறங்கும்.

எந்த நோட்டுக்கு எது

(சாப்பிட்ட பிறகான எண்கள் இங்கே 2 மணி நேரத்தில் எடுத்தவை.) வெறும் வயிறு 85-90, காலை டிபனுக்குப் பிறகு மட்டும் 140: மருந்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், டிபனை மாற்றுங்கள். மூன்று வேளையும் 125-135, 26 வாரம், வெறும் வயிறு சரி: 2 வாரம் சாப்பாடும் நடையும், பிறகும் நின்றால் மெட்ஃபார்மின் நல்ல தேர்வு. வெறும் வயிறு 100-105: மெட்ஃபார்மின் முயலலாம், ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் காத்திருக்காமல் இரவு இன்சுலினுக்குப் போக மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். வெறும் வயிறு 110-க்கு மேல், அல்லது எந்த அளவாவது 200-ஐத் தாண்டுகிறது, அல்லது 34 வாரம் கடந்து குழந்தையின் வயிறு பெருத்திருக்கிறது: நேரே இன்சுலின். ஊசி போட்டுவிட யாருமில்லை, கண் சரியாகத் தெரியாது, வேலை நேரம் ஒழுங்கில்லை என்றால் மெட்ஃபார்மின் பக்கம் தராசு சாயும். சரியாகப் போடும் மாத்திரை தப்பாகப் போடும் ஊசியைவிட நல்லது.

எது எடுத்தாலும் தேவை 36 வாரம் வரை ஏறிக்கொண்டே போகும், மருந்து ஏறுவதைக் கண்டு மிரள வேண்டாம். மிரள வேண்டியது எதிர்ப்பக்கம்: 35, 36 வாரத்தில் திடீரென்று தாழ்சர்க்கரை வந்து இன்சுலின் தேவை சரசரவென்று குறைந்தால் நஞ்சுக்கொடி தளர்கிறதோ என்று அன்றே பார்க்க வேண்டும். 'சுகர் தானாகச் சரியாகிவிட்டது' என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. குறைப்பிரசவம் ஆகலாம் என்று நுரையீரலுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் அடுத்த சில நாள் சர்க்கரை எகிறும். அதற்கு மட்டும் மருந்தை ஏற்றிப் பிறகு இறக்குவார்கள்.

சாப்பாட்டிலேயே கட்டுப்பட்டவர்கள் 40 வாரம் வரை வலிக்குக் காத்திருக்கலாம், மருந்தில் இருப்பவர்களுக்கு 39-ஆம் வாரத்தில் பிரசவம் பார்ப்பது வழக்கம். சர்க்கரை என்பதற்காக மட்டும் சிசேரியன் இல்லை. குழந்தையின் எடை 4 கிலோவைத் தாண்டும் என்று தெரிந்தால் பேசுவார்கள். இன்சுலின் போடுபவர்கள் குழந்தை மருத்துவரும் அறுவை வசதியும் உள்ள இடத்தை முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், பிறகு குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள்; 45-க்குக் கீழே இருந்தால் உடனே கவனிப்பு. சர்க்கரைத் தண்ணீர், தேன் நாக்கில் தடவுவதை யாரும் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரசவமாகி 6 வாரத்தில் தாய்க்கு மறுபடி 75 கிராம் சோதனை, இந்த முறை வெறும் வயிற்றோடு சேர்த்து. வெறும் வயிறு 126 அல்லது 2 மணி நேரம் 200 என்றால் சர்க்கரை நோய் தங்கிவிட்டது. 2 மணி நேரம் 140-க்கும் 199-க்கும் நடுவில் என்றால் எல்லைக்கோடு. குழந்தையின் ஒன்றரை மாதத் தடுப்பூசியும் அதே வாரத்தில்தான் வரும். குழந்தையை வீட்டு மனிதர் ஒருவர் கையில் கொடுத்துவிட்டு அன்றே இதையும் முடித்துவிட்டால் இன்னொரு நாள் அலைய வேண்டாம். அது சரியாக வந்தாலும் 1 முதல் 3 வருடத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும், அடுத்த கர்ப்பம் என்றால் முதல் பதிவிலேயே சொல்லிவிட வேண்டும்.